கப்பல்காரர் பதில்கள்: கிழட்டுக் கப்பல்கள் எங்கே போகின்றன?

சென்ற மாதம் கப்பல் கட்டும் தளங்களைப் பற்றி எழுதியிருந்தேன். கட்டுவதைச் சொன்னவர் உடைப்பதையும் சொல்ல வேண்டாமா என்று கேட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பல கடிதங்கள் ஒரே கேள்வியைக் கேட்டதால் சிலவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

ஒரு கப்பலின் ஆயுள் எத்தனை ஆண்டு? இனி வேண்டாம் என்று யார் முடிவு செய்கிறார்கள்?
— கல்லூரி மாணவர், திருச்சி

சரக்குக் கப்பல் என்றால் இருபத்தைந்திலிருந்து முப்பது ஆண்டுகள் ஓடும். ஆனால் தம்பி, துருப்பிடித்துத் தளர்ந்து சாகிற கப்பல் மிகக் குறைவு. கப்பலின் சாவு கணக்குப் புத்தகத்தில்தான் எழுதப்படுகிறது.

ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பெரிய சர்வே வரும். கப்பலை டிரை டாக்கில், அதாவது தண்ணீரை வடித்துவிடும் பழுதுபார்ப்புத் தொட்டியில் ஏற்றி, தகடு தகடாக ஒலி அலைக் கருவியை வைத்துத் தடிமனை அளப்பார்கள். கட்டியபோது இருந்த தடிமனில் குறிப்பிட்ட பங்குக்கு மேல் அரித்துப் போயிருந்தால் அந்தத் தகட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டும். பத்து வயதில் இந்தச் செலவு பெரிதாகத் தெரியாது. இருபத்தைந்தாவது வயதுச் சர்வேக்கு முன்னால் முதலாளி இரண்டு தொகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பார். சர்வேயைத் தாண்ட ஆகும் செலவு ஒன்று, இன்றைக்கே பழைய இரும்பாக விற்றால் கிடைக்கும் பணம் மற்றொன்று. எங்களைப் போன்ற கப்பல் இன்ஜினியர்களுக்கு இந்தக் கணக்கு வேறு வழியாகத் தெரிய வரும். நாம் கேட்கும் உதிரி பாகங்கள் வருவது நின்றுபோகும். பெயின்ட் வருவது குறையும். அப்போதே புரிந்துகொள்வோம்.

வயதே ஆகாத கப்பலும் சாகும். 2016 ஜூனில் பனாமா கால்வாயில் கப்பல்களை ஏற்றி இறக்கும் புதிய, அகலமான மடைகள் திறக்கப்பட்டன. பழைய மடைகளின் அளவுக்கென்றே ஒடுக்கமாகக் கட்டப்பட்ட கன்டெய்னர் கப்பல்களுக்கு ஒரே ஆண்டில் மதிப்புப் போனது. பத்து வயதுகூட நிறையாத சில கப்பல்கள் உடைக்கப் போயின. அதற்கு நேர் எதிராக, 2021இல் கன்டெய்னர் வாடகை வானத்தைத் தொட்டபோது, எப்போதோ போயிருக்க வேண்டிய கிழங்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன.

உடைக்கிற கப்பலுக்கு எப்படி விலை போடுகிறார்கள்?
— இரும்புக் கடைக்காரர், மதுரை

உங்கள் கடையில் போடுவது போலத்தான், எடைக்கு. சரக்கு, எரிபொருள், பேலஸ்ட் தண்ணீர் (கப்பல் நிலையாக நிற்க அடித்தொட்டிகளில் நிரப்பும் கடல்நீர்) எதுவும் இல்லாத வெறும் கப்பலின் எடையை எடுத்துக்கொள்வார்கள். டன்னுக்கு இத்தனை டாலர் என்று பேச்சு. பெரிய எண்ணெய்க் கப்பல் ஒன்று வெறுமையாகவே 40,000 டன் வரும். டன்னுக்கு 400 டாலர் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு கோடியே அறுபது லட்சம் டாலர். சாகும்போதும் இவ்வளவு பணம் தருகிற சொத்தைச் சும்மா கைவிட யாருக்கு மனம் வரும்? கப்பலைத் தள்ளும் சுழலி (புரொப்பெல்லர்) வெண்கலமாக இருந்தால் அதைத் தனியாகக் கணக்குப் பார்ப்பார்கள். இரும்பைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

கப்பல் உடைப்பது என்றாலே குஜராத்தின் ஆலங் என்கிறார்கள். நமக்கும்தான் ஆயிரம் கிலோமீட்டர் கடற்கரை இருக்கிறதே, இங்கே ஏன் அந்தத் தொழில் இல்லை?
— வாசகர், தூத்துக்குடி

இருந்தது. ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் ஒருகாலத்தில் கப்பல் உடைத்திருக்கிறார்கள். உங்கள் ஊரிலிருந்து தூரமில்லை, வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் ஆலங்கோடு போட்டி போட நம் கடலுக்குத் தெம்பு கிடையாது. தூத்துக்குடியில் ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டர்கூடச் சரியாக வராது. ஆலங் இருக்கும் காம்பே வளைகுடா புனல் போன்ற வடிவம் கொண்டது. உள்ளே நுழையும் தண்ணீர் ஒடுங்க ஒடுங்க மேலே எழும்புகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஆலங்கில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே சுமார் பத்து மீட்டர் வித்தியாசம் இருக்கும். மூன்று மாடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் கப்பலை ஓட்டி வந்து கரையில் ஏற்றிவிட்டால், இறக்கத்தில் அது தரையில் நிற்கும். டிரை டாக் வேண்டாம், பெரிய கிரேன் வேண்டாம். சந்திரன் இலவசமாகச் செய்துகொடுக்கிற வேலை அது. கரையும் சரிவு குறைந்து, அடியில் கெட்டியாக இருக்கிறது. 1983இல் அங்கே முதல் கப்பலை ஏற்றினார்கள். இன்று பத்துக் கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளாட் பிளாட்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

பங்களாதேஷில் சிட்டகாங்கை ஒட்டிய சீதாகுண்டு, பாகிஸ்தானில் கடானி, துருக்கியில் அலியாகா ஆகியவையும் இதே தொழில் நடக்கும் இடங்கள். எழுபதுகளில் இந்தத் தொழிலின் தலைநகரம் தைவானின் காவ்சியோங். அங்கே கூலி ஏறியது, 1986இல் ஒரு எண்ணெய்க் கப்பல் வெடித்துப் பலர் இறந்தார்கள், தொழில் மேற்கே நகர்ந்துவிட்டது. கூலி எங்கே குறைவோ அங்கே கப்பல் சாகப் போகும். ஓதம் இரண்டாவது காரணம்தான்.

கடைசிப் பயணம் போன கப்பலில் நீங்கள் இருந்திருக்கிறீர்களா? அவ்வளவு பெரிய கப்பலை எப்படிக் கரையில் ஏற்றுகிறார்கள்?
— இல்லத்தரசி, கும்பகோணம்

இருந்திருக்கிறேன் அம்மா. மொத்தச் சரக்கு ஏற்றும் கப்பல் அது. பெயரைச் சொல்வதற்கில்லை. அந்தப் பயணத்தில் அதற்கே அதன் பழைய பெயர் கிடையாது.

ஆலங்குக்கு வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருந்தோம். சுங்க அதிகாரிகள் வந்தார்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து வந்தார்கள், துறைமுக வாரியத்திலிருந்து வந்தார்கள். தொட்டிகளில் என்ன இருக்கிறது, எவ்வளவு எண்ணெய் மிச்சம், எவ்வளவு கசடு என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்கள். பிறகு ஓதம் பெரிதாக ஏறும் நாளுக்காகக் காத்திருப்பு. அதை விட்டால் அடுத்த பௌர்ணமியோ அமாவாசையோ வர வேண்டும்.

கரையேற்றும் நாளில் பேலஸ்ட் தண்ணீரைக் கூட்டிக் குறைத்து முன்பக்கத்தை உயர்த்தினோம். மூக்குத் தூக்கலாக இருந்தால்தான் கப்பல் கரைக்குள் ஆழமாகப் போகும். எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு உடைப்பவருக்கு லாபம், வின்ச் என்ற இழுவை எந்திரம் போட்டு இழுக்கும் தூரம் குறையும். கரையில் அவருடைய பிளாட்டின் எல்லையைக் காட்டக் கொடி நட்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் பாதி வெட்டிய கப்பல்கள் நிற்கும். நடுவில் இருக்கும் இடைவெளிக்குள் கேப்டன் குறிபார்த்து நேராக ஏற்ற வேண்டும். வாழ்நாள் முழுக்கத் தரை தட்டக் கூடாது என்று படித்த மனிதர், அன்றைக்குத் தரைதட்டியே ஆக வேண்டும்.

இதையெல்லாம் நான் பார்க்கவில்லை. இன்ஜின் ரூமில் இருப்பவனுக்குக் கரை தெரியாது. மேலேயிருந்து முழு வேகம் கேட்டார்கள், கொடுத்தோம். பிறகு இன்னும் கொடு என்றார்கள். வழக்கமாக நான் ஒத்துக்கொள்ளாத அளவு அது. அன்று ஒத்துக்கொண்டேன். ஓர் இடத்தில் கப்பலின் ஓட்டம் பிசுபிசுத்தது. பெரிய அதிர்ச்சி எதுவும் இல்லை, யாரும் கீழே விழவில்லை. சேற்றுக்குள் போவதால் மெதுவாகத்தான் நிற்கும். சுழலி மட்டும் சுற்றிக்கொண்டேயிருந்தது. கடல் தண்ணீர் உறிஞ்சும் வாயில் சேறு அடைத்தது. குளிர்விக்கும் நீரின் வெப்பம் ஏறியது, வரிசையாக அலாரங்கள் அலறின. இருபது வருஷமாக அந்த அலாரம் அடித்தால் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடியவன் நான். அன்று மூன்றாவது இன்ஜினியர் என் முகத்தைப் பார்த்தார், அடிக்கட்டும் விடு என்று கை காட்டினேன். சற்று நேரத்தில் மேலேயிருந்து, இன்ஜின் வேலை முடிந்தது என்ற வழக்கமான உத்தரவு வந்தது. ஒவ்வொரு துறைமுகத்திலும் கேட்கிற அதே சொற்கள்தான்.

தண்ணீர் வடிந்த பிறகு கயிற்றேணி வழியாக இறங்கினோம். முழங்கால் வரை சேறு. கரையில் நின்ற ஒருவர் பணிவாக, ஜெனரேட்டர் மூன்றும் நன்றாக ஓடுகின்றனவா சாப் என்று கேட்டார். அவற்றை விற்க அதற்குள்ளேயே ஆள் பார்த்திருக்கிறார்கள்.

விற்றவுடன் கப்பலின் பெயரை மாற்றுவது ஏன்? சகுனமா?
— வாசகர், ஈரோடு

சகுனமெல்லாம் இல்லை, சட்டம்தான்.

பெரும்பாலான முதலாளிகள் உடைப்பவருக்கு நேரடியாக விற்பதில்லை. இடையில் கேஷ் பையர் என்று ஒருவர் இருக்கிறார். மொத்தப் பணத்தையும் கொடுத்து வாங்கிக்கொள்வார். உடனே கொடியை, அதாவது கப்பல் பதிவாகியிருக்கும் நாட்டை, மாற்றுவார். பலாவ், கொமொரோஸ், செயின்ட் கிட்ஸ் போன்ற சிறு தீவு நாடுகளின் கொடிகள் இந்தக் கடைசிச் சில வாரங்களுக்கென்றே மலிவாகக் கிடைக்கும். பெயரில் பாதி எழுத்தைப் பெயின்ட் அடித்து மறைத்தால் புதுப் பெயர் தயார். இதனால் என்ன ஆகிறது? ஐரோப்பியக் கொடி பறந்த கப்பலை இந்த ஊரில் உடைக்கக் கூடாது என்று ஐரோப்பாவில் சட்டம் இருந்தால், உடைக்கும்போது அது ஐரோப்பியக் கொடிக் கப்பலே இல்லை. முப்பது ஆண்டு சம்பாதித்த முதலாளியின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

மானத்தை மறைக்கப் பெயர் மாற்றிய கப்பலும் உண்டு. 1989 மார்ச்சில் அலாஸ்காவில் பாறையில் மோதிக் கடலை எண்ணெயாக்கிய ‘எக்ஸான் வால்டெஸ்’ நினைவிருக்கும். பழுதுபார்த்துப் பெயர் மாற்றி ஓட்டினார்கள். பிறகு மறுபடி மாற்றினார்கள். எண்ணெய்க் கப்பலாக இருந்தது தாதுக் கப்பலானது. கடைசியில் ‘ஓரியன்டல் நைசிட்டி’ என்ற நல்ல பெயரோடு 2012இல் ஆலங் வந்தது. உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய் அனுமதி கிடைத்த பிறகே கரையேறியது. உலகிலேயே நீளமான கப்பல், 458 மீட்டர், ‘சீவைஸ் ஜயன்ட்’ என்று புகழ்பெற்றது. 1988இல் ஈராக்கிய விமானங்கள் குண்டு போட்டும் பிழைத்து வந்தது. அதுவும் நான்கைந்து பெயர் மாறி ‘மான்ட்’ என்ற மூன்றெழுத்தோடு இதே ஆலங்கில் முடிந்தது. 36 டன் நங்கூரத்தை மட்டும் ஹாங்காங்கில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

என் தாத்தா ‘ரஜூலா’விலும், அப்பா ‘சிதம்பரம்’ கப்பலிலும் நாகையிலிருந்து பினாங்கு போனவர்கள். அந்தக் கப்பல்கள் என்ன ஆயின?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, நாகப்பட்டினம்

இரண்டுமே பம்பாயில் உடைக்கப்பட்டன அம்மா.

ரஜூலா 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. போர்க்காலத்தில் சிப்பாய்களை ஏற்றியிருக்கிறது. 1973இல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி ‘ரங்கத்’ என்று பெயர் வைத்தது. மறு ஆண்டே உடைக்கப் போய்விட்டது. அவ்வளவு காலம் ஓடிய கப்பலை நான் குறைசொல்ல மாட்டேன். நீராவிக் காலத்துத் தகடு தடிமன். அந்த மாதிரி இரும்பை இப்போது யார் போடுகிறார்கள்?

சிதம்பரம் பிரெஞ்சுக்காரர்கள் 1966இல் ‘பாஸ்டர்’ என்ற பெயரில் கட்டியது. எழுபதுகளின் தொடக்கத்தில் நம்மிடம் வந்தது. 1985 பிப்ரவரியில் சென்னையை நோக்கி வரும்போது தீப்பிடித்துப் பயணிகள் பலர் இறந்தார்கள். கப்பலைச் சீர்செய்வதற்கு ஆகும் செலவுக்கு இனி அந்தப் பாதையில் வருமானம் இல்லை. எல்லோரும் விமானத்துக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. அதே ஆண்டு உடைக்க விற்றுவிட்டார்கள். கப்பல் பாதையும் அத்தோடு முடிந்தது. உங்கள் அப்பாவிடம் அந்தக் காலத்து டிக்கெட்டோ சாமான் சீட்டோ இருந்தால் லேமினேட் செய்யாமல் அப்படியே பத்திரமாக வையுங்கள்.

உடைக்கும் தொழிலாளர்கள் நிலை எப்படி? இதை அரசு ஏன் அனுமதிக்கிறது?
— தொழிற்சங்கத்தில் இருக்கும் வாசகர், எண்ணூர்

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம். ஆலங்கில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் அங்கிருந்து வந்தவர்கள். கப்பல் என்பதையே அங்கே வந்துதான் பார்த்திருப்பார்கள்.

வெட்டுவது காஸ் கட்டரால். எரிவாயுவும் ஆக்சிஜனும் கலந்த தீக்கொழுந்து. அந்தத் தகட்டின் பின்னால் எண்ணெய் ஆவி இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2016 நவம்பர் 1ஆம் தேதி கடானியில் ‘ஏசஸ்’ என்ற எண்ணெய்க் கப்பல் அப்படித்தான் வெடித்தது. குறைந்தது 26 பேர் இறந்தார்கள். தொட்டியைக் கழுவி, காற்றூட்டி, ஆவி இல்லை என்று சான்றிதழ் வாங்கிய பிறகே நெருப்பு வைக்கலாம் என்பது விதி. கழுவுவதற்கு நாள் ஆகும். வட்டிக்குப் பணம் வாங்கிக் கப்பலை எடுத்தவருக்கு ஒவ்வொரு நாளும் காசு. விபத்து நடக்கும் இடம் இந்த இரண்டுக்கும் நடுவில். மற்றபடி மேலிருந்து விழுவது, மேலிருந்து விழும் இரும்பில் சிக்குவது.

உடனே தெரியாத சாவும் உண்டு. பழைய கப்பல்களின் இன்ஜின் ரூமில் நீராவிக் குழாய்களைச் சுற்றிக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும். நான் ஜூனியராக இருந்தபோது அதைச் சுத்தியலால் தட்டிப் பிய்த்திருக்கிறேன். வெள்ளைத் தூள் தலையெல்லாம் படியும். முகத்தைக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போவோம். புதிதாகக் கல்நார் பொருத்துவதற்கு 2002இல்தான் பன்னாட்டு விதி தடை போட்டது. அதிலும் சில விலக்குகள் இருந்தன, 2011இல்தான் முழுத்தடை வந்தது. அதற்கு முன் கட்டியவற்றில் இருந்தது அப்படியே இருக்கும். அதை எடுக்கிறவர்கள் இப்போது ஆலங்கில் தனி உடை, முகமூடி அணிந்து, அடைத்த அறையில் எடுக்க வேண்டும். எடுக்கவும் செய்கிறார்கள். பழைய ஆலங்கைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மாற்றம் உண்மைதான். வெட்டும் இடத்தில் எண்ணெய் ஊடுருவாத சிமென்ட் தளம், கிரேன், பயிற்சி எடுத்தவருக்கே வேலை என்று நிறைய வந்திருக்கின்றன.

சட்டமும் வந்திருக்கிறது. கப்பல்களைப் பாதுகாப்பாக உடைப்பது பற்றிய பன்னாட்டு ஹாங்காங் உடன்படிக்கை 2009இல் நிறைவேறி, போதிய நாடுகள் சேராமல் இழுத்து இழுத்து 2025 ஜூன் 26இல்தான் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2019இலேயே இதற்கென்று கப்பல் மறுசுழற்சிச் சட்டம் போட்டது. கப்பலில் எந்த நச்சுப் பொருள் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் இல்லாமல் இனி உடைக்கக் கொண்டுவர முடியாது. நல்ல விஷயம். ஆனால் கரையில் ஏற்றி உடைப்பதை அந்த உடன்படிக்கை தடைசெய்யவில்லை. சிமென்ட் தளம் எவ்வளவு போட்டாலும் முதல் வெட்டு விழுவது ஓதம் வந்துபோகும் சேற்றில்தான். அங்கே சிந்துவதை யாரும் கூட்டி அள்ள முடியாது. கடைசிக் கொடி யாருடையது என்று பார்க்கும் வரை, கப்பலால் சம்பாதித்தவரின் பையிலிருந்து சுத்தம் செய்யும் செலவு வரப்போவதில்லை. கப்பல் கட்டும் நாளிலிருந்தே ஆண்டுக்கு இவ்வளவு என்று உடைப்புக்கு ஒதுக்கி வைக்கச் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. எனக்கு அது பிடிக்கும். கப்பல் முதலாளிகளுக்குப் பிடிக்காது.

தடைசெய்துவிடலாமே என்கிறீர்கள். செய்தால் கப்பல் சீதாகுண்டுக்குப் போகும். உடைபட வேண்டிய இரும்பு உலகில் குறையாது.

ஏன் உடைக்க வேண்டும்? ஆழ்கடலில் மூழ்கடித்துவிட்டால் மீன்களுக்காவது வீடாகும் அல்லவா?
— பிளஸ் டூ மாணவி, நாகர்கோவில்

மீனுக்கு வீடாக வேண்டுமென்றால் ஆழம் குறைந்த இடத்தில், எண்ணெய், கம்பி, நச்சுப் பெயின்ட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இறக்க வேண்டும். அமெரிக்கா 2006இல் ‘ஒரிஸ்கனி’ என்ற விமானந்தாங்கிக் கப்பலை ஃபுளோரிடா அருகே அப்படி இறக்கியது. சுத்தம் செய்யவே பெரும் செலவு.

மலிவான வழியும் இருக்கிறது. பிரேசிலின் பழைய விமானந்தாங்கிக் கப்பல் ‘சாவ் பாவ்லோ’வை உடைக்கத் துருக்கிக்கு இழுத்துப் போனார்கள். கல்நார் கணக்கு சரியில்லை என்று துருக்கி அனுமதியை ரத்து செய்தது. திரும்பி வந்த கப்பலைச் சொந்த நாட்டுத் துறைமுகமும் ஏற்கவில்லை. மாதக்கணக்கில் கடலில் இழுத்துத் திரிந்துவிட்டு 2023 பிப்ரவரியில் அட்லான்டிக்கில் சுமார் ஐயாயிரம் மீட்டர் ஆழத்தில் மூழ்கடித்தார்கள், கல்நாரோடு. அதற்கு ஆலங் எவ்வளவோ மேல்.

‘விராட்’ கப்பலை அருங்காட்சியகமாக வைத்திருக்கலாமே?
— முன்னாள் கடற்படை வீரர், வேலூர்

ஆசை எனக்கும் இருந்தது. பிரிட்டனுக்கு ஃபாக்லாந்து போரில் தலைமைக் கப்பலாகவும் நமக்கு முப்பது ஆண்டும் உழைத்த விமானந்தாங்கிக் கப்பல். ஆனால் தண்ணீரில் நிற்கும் கப்பல் ஒவ்வொரு நாளும் துருப்பிடிக்கும். யாரோ ஒவ்வொரு ஆண்டும் பணம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வந்த யோசனைகள் எதுவும் கடைசிவரை நிறைவேறவில்லை. 38.54 கோடி ரூபாய்க்கு விலைபோய் 2020 செப்டம்பரில் ஆலங் வந்தது. இன்னொரு விமானந்தாங்கியான பழைய ‘விக்ராந்த்’ மும்பையில் அருங்காட்சியகமாகவே இருந்து பார்த்தும் 2014இல் உடைபட்டது. அதன் இரும்பில் கொஞ்சத்தை மோட்டார் சைக்கிளில் சேர்த்து விற்றார்கள். விசாகப்பட்டினத்தில் ‘குர்சுரா’ நீர்மூழ்கியைத் தண்ணீரைவிட்டு மேலே மணலில் ஏற்றி வைத்தார்கள் பாருங்கள், அதுதான் புத்திசாலித்தனம்.

உடைத்த இரும்பு எங்கே போகிறது? நாங்கள் வீடு கட்டும் கம்பியில் இருக்குமா?
— வாசகர், சேலம்

நல்ல தகடுகளை உருக்குவதே இல்லை. பாவ்நகர், சீஹோர் பக்கத்து ரீரோலிங் மில்களில் பட்டை பட்டையாக வெட்டி, சூடேற்றி, அப்படியே கம்பியாக இழுத்துவிடுவார்கள். மிச்சம் உலைக்குப் போகும். தகட்டுக்குத் தகடு தரம் வேறுபடும் என்பதால் கட்டடத்துக்கு இப்படி இழுத்த கம்பி வேண்டாம். கட்டடக் கம்பிக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 1786 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஆலங்கை நேரில் பார்க்க முடியுமா? கப்பல் சாமான்கள் மலிவாகக் கிடைக்கும் என்கிறார்களே?
— மரச்சாமான் வியாபாரி, காரைக்குடி

பிளாட்டுக்குள் அனுமதி இல்லாமல் விடமாட்டார்கள், கேமராவைக் கண்டால் இன்னும் விடமாட்டார்கள். ஆனால் திராபஜிலிருந்து ஆலங் போகும் சாலையின் இரு பக்கமும் கடைகள்தான். கட்டில், சோபா, பீங்கான் தட்டு, ஹோட்டல் அடுப்பு, ஜெனரேட்டர், உயிர்காப்புப் படகு எல்லாம் கிடைக்கும். பாவ்நகரில் தங்கிக்கொண்டு போய்வரலாம். பயணிகள் கப்பல் ஏதாவது உடைபடும் சமயத்தில் போனால் தேக்கு மேசை கிடைக்கும், பேரம் பேசுங்கள்.

இரண்டு பொருள்களைத் தொடாதீர்கள். பழைய கேபின் தடுப்புப் பலகைகளை அறுத்து அலமாரி செய்யலாம் என்று தோன்றும். உள்ளே கல்நார் இருக்கலாம், அறுத்தால் தூள் உங்கள் தச்சரின் நெஞ்சுக்குள் போகும். மற்றொன்று லைஃப் ஜாக்கெட். பார்க்கப் புதிதாக இருக்கும், விலையும் கொள்ளை மலிவு. உள்ளே மிதவைப் பொருள் வலுவிழந்திருக்கும். உங்கள் ஊரிலிருந்து தொண்டிப் பக்கம் யாராவது மீனவர்களுக்கு வாங்கிவரச் சொன்னால், புதிதாக உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.